நூல் நிலையம் கண்ட கணித ஆசிரியர்

டில்லிப் பல்கலைக் கழகத்தில் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நாம், நமக்கு முன்னே இந்நகருக்கு வந்து வாழ்ந்த தமிழர்களைப் பற்றிப் பெருமையோடு பேசிக்கொள்வதுண்டு. பேராசிரியர்கள், நீதிபதிகள், அரசாங்கச் செயலாளர்கள் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் ஒரு பெயர் மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. 1947 முதல் 1950களின் நடுப்பகுதி வரை இதே பல்கலைக் கழகத்தில் நூலக இயல் கற்பித்த சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன் அவர்களின் பெயரே அது. நூலக இயல் துறை நண்பர்களைக் கேட்டால் அவருடைய ஐந்து விதிகளையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். தேர்வுக்கு வருமல்லவா! தேர்வுக்கு வராத ரங்கநாதனைப் பற்றியே நான் இங்கே சொல்ல விரும்புகிறேன். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எழுத்தறியாதிருந்த நாட்டில், எழுத்தைக் கற்பிப்பதோடு வேலை முடிந்துவிடாது, கற்றவன் கைக்குப் படிப்பதற்கு ஏதேனும் போய்ச் சேர வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வாதாடிய மனிதர் அவர்.

1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். தந்தையார் ராமாமிர்த ஐயர்; நிலபுலம் உடையவர். மகனுக்கு ஆறு வயதாயிருக்கும்பொழுதே அவர் காலமானார். தாயார் பெயர் சீதாலட்சுமி. உள்ளூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறிய பின் ரங்கநாதன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே எட்வர்ட் ராஸ் என்னும் கணிதப் பேராசிரியரிடம் பயிலும் பேறு வாய்த்தது. அந்த ஆசிரியரின் பால் அவருக்கிருந்த பக்தி இறுதிவரை குறையவில்லை. 1916இல் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி என்று வரிசையாகக் கணிதம் கற்பித்தார். இவருக்குத் திக்குவாய்! வகுப்பறையில் நின்று பேசிப் பேசியே அக்குறையைப் பெரும்பாலும் வென்றார் என்பர்.

1924இல் சென்னைப் பல்கலைக் கழகம் தன் நூலகத்துக்கு ஒரு தலைவரை நியமிக்க முற்பட்டது. சுமார் 900 விண்ணப்பங்கள் வந்தனவாம். அவற்றுள் நூலகப் பயிற்சி பெற்றவர் ஒருவருமில்லை. ரங்கநாதனுக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. நேர்முகத் தேர்வுக்குச் சில நாள் முன்பு கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்துக்கொண்டு போனார் என்பது கதை. (இந்த முறை நம்மவர்க்குப் புதிதன்று!) வேலை கிடைத்தது. ஆனால் அந்த வேலையில் அவர் மனம் ஒட்டவில்லை. மாணவர் கூட்டத்தின் நடுவே நின்று பழகியவருக்கு ஆள் நடமாட்டமற்ற புத்தகக் கிடங்கில் தனியே உட்கார்ந்திருப்பது தண்டனையாக இருந்தது. சில வாரங்களிலேயே திரும்பவும் கல்லூரிக்குப் போய்விடுகிறேன் என்று மன்றாடினார். முதலில் இங்கிலாந்து சென்று நூலகத் தொழிலைக் கற்று வரட்டும், அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் பழைய வேலைக்கே திரும்பலாம் என்று சமாதானம் ஆயிற்று.

லண்டன் பயணமே அவரை மாற்றியது. பல்கலைக் கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் என்பவரிடம் பாடம் கேட்டார். பாடத்தைவிட அவர் நேரில் கண்டதே அவரை ஆட்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட நூல் நிலையங்களைச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளியும், இல்லத்தரசியும், பள்ளிச் சிறுவனும் ஒரே வாயிலில் நுழைந்து, வேண்டிய புத்தகத்தைக் கட்டணமின்றி எடுத்துச் செல்லும் காட்சி அவருக்குப் புதிது. பள்ளிப் படிப்பு முடிந்த பின்னும் கல்வி தொடர்வதற்கு ஓர் ஊர் முழுவதும் சேர்ந்து ஏற்பாடு செய்துகொள்ள முடியும் என்பதை அங்கேதான் கண்டார். 1925இல் சென்னைக்குத் திரும்பியவர், அதன் பின் கணித வகுப்புக்குத் திரும்பவே இல்லை.

நம் நாட்டில் அந்நாளில் நூலகம் என்றால் பூட்டிய அலமாரி என்று பொருள். புத்தகம் கெட்டுப் போகாமல் காப்பதே நூலகரின் கடமை. ரங்கநாதன் பல்கலைக் கழக நூலகத்தின் அடுக்குகளைப் படிப்போர்க்குத் திறந்து விட்டார். ஆண்டின் எல்லா நாளும் நூலகம் நடக்கும்படி செய்தார். தாமும் விடுமுறை எடுக்காமல், நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் உழைத்தார். (நம் சங்கத்தின் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கும் இரண்டு இரும்பு அலமாரிகளின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை இவ்வாண்டுச் செயலாளரைக் கேட்டேன். அவர் சென்ற ஆண்டுச் செயலாளரைக் கேட்கச் சொன்னார். அவர் படிப்பு முடிந்து பெங்களூர் போய்விட்டார்.)

1928இல் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. அதற்கு அடுத்த ஆண்டு நூலகர்களுக்கான பயிற்சிப் பள்ளி. 1931இல் நூலக இயலின் ஐந்து விதிகளைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. இத்தனை நடைமுறை வேலைகளுக்கும் அடிப்படையாகச் சில எளிய உண்மைகள் இருக்க வேண்டும், யூக்ளிடு போல அவற்றிலிருந்து மற்றதையெல்லாம் வருவிக்க வேண்டும் என்று கணிதக்காரராகிய அவர் தவித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பழைய ஆசிரியர் ராஸ் வந்து உரையாடியபொழுதே முதல் விதி சொல்லுருப் பெற்றது என்பர். நூல் பயன்பாட்டுக்குரியது என்பது முதல் விதியின் கருத்து. இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் அவரவர்க்கு ஏற்ற நூல் கிட்ட வேண்டும் என்பது. மூன்றாவது அதன் மறுதலை: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் கிட்ட வேண்டும். நான்காவது வாசகனின் நேரத்தை வீணாக்காமை. ஐந்தாவது, நூலகம் வளரும் உயிர் என்னும் கருத்து.

நான் பௌதிகம் படிப்பவன். நியூட்டன் விதியை விதி என்று சொல்லிப் பழகிய எனக்கு இவற்றை அப்படி அழைக்க முதலில் கூச்சமாகவே இருந்தது. மேலே எறிந்த கல் யாருடைய விருப்பத்தையும் கேட்காமல் கீழே விழும். நூல் தானாக யாருக்கும் பயன்பட்டு விடுவதில்லையே! ஆகவே இவை இயற்கையின் விதிகள் அல்ல. மனிதன் தனக்கு இட்டுக்கொண்ட கட்டளைகள். எனினும் இரண்டாம் விதியைக் கொஞ்சம் பிடித்து இழுத்தால் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்தபொழுது என் கூச்சம் போய்விட்டது. ஒவ்வொருவருக்கும் என்றால் யார் யாருக்கு? அந்நூல் வெளிவந்த அதே 1931ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் எழுத்தறிந்தவர் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் நூலகம் நடத்திவிட்டு ஓய்ந்திருக்க விதி இடம் தரவில்லை. எழுத்தறியாதவர்களுக்கும் நூல் உண்டு, அவர்களுக்கு நூலகமே ஆள் வைத்துப் படித்துக் காட்ட வேண்டும் என்று ரங்கநாதன் எழுதினார். ஆங்கிலத்தில் மட்டும் கிடைக்கும் பயனுள்ள செய்தியைத் தாய்மொழியில் பெயர்த்து, அச்சிட வசதியில்லாவிட்டால் கையெழுத்துப் படியாகவேனும் வைக்க வேண்டும் என்பதும் அவர் யோசனைகளுள் ஒன்று.

இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூலகம் அமைத்துச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். நாட்டின் நடமாடும் நூலகங்களுக்கு முன்னோடிகளில் ஒன்று அந்த வண்டி. உரமும் விதையும் ஏற்றிச் செல்லும் வண்டி புத்தகம் ஏற்றிச் சென்றதைக் கண்ட உழவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

இந்த இடத்தில் என் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அப்பத்தா, புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் எழுந்த அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்பில் எழுத்துக் கற்றவர். அந்த அலையில் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அப்பத்தாவும் கற்றார். கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போட்டார். பேருந்தின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துத் தானே ஏறினார். வகுப்பு முடிந்தது. பிறகு படிப்பதற்கு அவர் கையில் என்ன இருந்தது? ரேஷன் அட்டையும் கல்யாணப் பத்திரிகையும். நடந்து போகும் தூரத்தில் நூல் நிலையம் இல்லை. வீட்டிலும் புத்தகம் இல்லை. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில், என் தமிழ்ப் பாட நூலை வாங்கிப் பார்த்துவிட்டு, எழுத்தெல்லாம் மறந்து போச்சு என்று திருப்பிக் கொடுத்தார். கையெழுத்து மட்டும் மறக்கவில்லை. மக்கள் தொகைக் கணக்கு எடுக்க வருபவர் புத்தகத்தை நீட்டிப் படிக்கச் சொல்வதில்லை. எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டு, வந்த விடையைப் பதிந்துகொள்கிறார். 2011இல் எழுத்தறிவு 74 சதவிகிதம் என்று வந்த கணக்கில் என் அப்பத்தாவும் ஓர் அலகாக இருக்கக்கூடும்.

ஆகவேதான் ரங்கநாதன் சொன்னது எனக்கு வெறும் வரலாறாகத் தோன்றவில்லை. முதியோர் கல்விக்கு இரவு வகுப்பு தொடக்கம் மட்டுமே. அதன் பின்னே நூலகம் வராவிட்டால் கற்ற எழுத்து வயலில் விட்ட நீர் போலச் சுவறிவிடும்.

இன்னொன்றையும் அவர் கண்டார். படிக்கத் தெரிந்தவன் கையில் எது போய்ச் சேருகிறதோ, அதுவே உலகைப் பற்றிய அவன் அறிவாகிவிடுகிறது. தமிழ் நாட்டில் 1940களிலும் 1950களிலும் தேநீர்க் கடைகளிலும், முடி திருத்தும் நிலையங்களிலும், கட்சிகளின் படிப்பகங்களிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்கப் பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பது வழக்கமாயிருந்தது. எழுத்தறியாதவர்களும் நாட்டு நடப்பை அறிந்தது இவ்வாறே. இது பெருந்தொண்டு என்பதில் ஐயமில்லை. எனினும், ஒரு கட்சியின் படிப்பகத்தில் மற்றொரு கட்சியின் ஏடு கிடைப்பது அரிது. கேட்பவனுக்கு ஒரு பக்கத்து நியாயம் மட்டும் மனப்பாடம் ஆயிற்று. வானொலி வந்தது, அரசாங்கத்தின் குரல் ஊர்ப் பொதுவிடத்தில் ஒலித்தது. இன்றோ ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி. எழுத்தறியாதவருக்கும் படமும் பேச்சுமாகச் செய்தி வந்து குவிகிறது. என் விடுதி அறை நண்பனுக்கு அவன் மாமா தினமும் காலையில் அனுப்பும் விஞ்ஞானச் செய்திகளைப் பார்த்து நாங்கள் சிரிப்பதுண்டு. சிரித்துவிட்டு யோசித்தால், மாமாவுக்கு நன்றாகவே படிக்கத் தெரியும். வந்த செய்தியை வேறொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குப் பக்கத்தில் ஓர் இடம் இல்லை. கேட்க ஓர் ஆள் இல்லை.

இங்கேதான் ரங்கநாதனின் மிகக் கடினமான சாதனை என்று சொல்லப்படும் கோலன் பகுப்பு முறை எனக்குப் பொதுமக்கள் விஷயமாகத் தெரிகிறது. லண்டனில் செல்ஃப்ரிட்ஜ் கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார் அவர். துளையிட்ட சில பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். இவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியும் ஆகும், பாரந்தூக்கியும் ஆகும். அதுவரை இருந்த பகுப்பு முறைகள், உலகத்து அறிவையெல்லாம் முன்கூட்டியே அறை அறையாகப் பிரித்துப் பெயரிட்டு வைத்தன. புதிய பொருள் ஒன்று பிறந்தால் அதற்கு அறை இல்லை. ரங்கநாதன் அறைகளை விட்டுவிட்டு உறுப்புக்களை எடுத்துக்கொண்டார். நுரையீரல் காசநோயை எக்ஸ் கதிரால் குணப்படுத்துவது பற்றி இந்தியாவில் 1950இல் நடந்த ஆராய்ச்சி என்று ஒரு நூல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உறுப்பு எது, நோய் எது, சிகிச்சை எது, எந்த நாடு, எந்தக் காலம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறியிட்டு, முக்காற்புள்ளி முதலிய நிறுத்தக் குறிகளால் இணைத்தால், அந்த நூலின் எண் பிறந்துவிடும். 1933இல் முதற் பதிப்பு வந்தது. முக்காற்புள்ளியின் ஆங்கிலப் பெயரே முறையின் பெயராயிற்று.

இதனால் பொதுமக்களுக்கு என்ன? எண் சரியாக அமைந்த அடுக்கில், ஒரு பொருளைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் எல்லாம் தோளோடு தோள் உரசி நிற்கும். நிலச் சீர்திருத்தம் வேண்டும் என்பவர் நூலுக்குப் பக்கத்திலேயே வேண்டாம் என்பவர் நூலும் இருக்கும். ஒன்றை எடுக்கப் போனவன் கண்ணில் மற்றது படாமல் இராது. எந்தப் பத்திரிகை ஆசிரியரும், எந்த வானொலி நிலையமும் வாசகனுக்குச் செய்து கொடுக்காத வசதி இது. எதைக் காட்டினால் இவன் இன்னும் சற்று நேரம் இங்கேயே இருப்பான் என்று கணக்குப் போட்டுச் செய்தி அனுப்பும் இன்றைய இயந்திரங்களின் நோக்கம் இதற்கு நேர்மாறானது. கோலன் முறை கடினம் என்பது உண்மை. உலகில் அதைப் பின்பற்றும் நூலகங்கள் சிலவே. நம் நாட்டிலும் அமெரிக்கரான ட்யூயியின் தசம முறையே மிகுதியாக வழங்குகிறது. ஆயினும் பிற்காலத்துப் பகுப்பு முறைகள் பலவும், செய்தி தேடும் முறைகளும் ரங்கநாதனின் உறுப்புக் கொள்கைக்குக் கடன்பட்டவை.

நூலகங்களைத் தனவான்களின் கொடையை நம்பி நடத்த முடியாது, சட்டத்தின் பலத்தில் வரி வாங்கியே நடத்த வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1930இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டிலேயே மாதிரிச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். அதன் பின் சென்னைச் சட்டசபையில் முயற்சிகள் நடந்தும் பலிக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தார். விடுதலைக்குப் பின், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்தபொழுது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இத்தகைய முதற் சட்டம் அதுவே. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்பட்டது. நம் ஊர்க் கிளை நூலகங்களில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அந்த மர பெஞ்சு நம் பாட்டன்மார் கட்டிய வீட்டு வரியில் வந்தது. பின்னர் மற்ற மாநிலங்களும் சட்டம் இயற்றின. ஆனால் 1967இல் வந்த மகாராஷ்டிரச் சட்டம் போன்ற சிலவற்றில் இந்த வரி இடம் பெறவில்லை. நூலகத்துக்கென்று தனியே ஒதுங்கி வரும் பணம் இல்லாவிட்டால், பற்றாக்குறை ஆண்டில் முதலில் வெட்டுப்படுவது எது என்று ரங்கநாதனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அச்சட்டம் நிறைவேறியபொழுது அவர் சென்னையில் இல்லை. பல்கலைக் கழகத்திலிருந்து ஓய்வு பெற்று 1945இல் காசிக்குப் போயிருந்தார். ராதாகிருஷ்ணன் அவர்கள் துணைவேந்தராயிருந்து அழைத்தார். அங்கே ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களை ஒற்றை ஆளாகப் பகுத்து எண்ணிட்டார் என்று சொல்லும்பொழுது நூலகர்களே வாய் பிளக்கிறார்கள். 1947இல் துணைவேந்தர் மாரிஸ் க்வையர் அழைக்க, டில்லிக்கு வந்தார். 1948இல் நம் பல்கலைக் கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துப் போற்றியது. கதர் உடையும் எளிய உணவுமாக வாழ்ந்த அவர், மாணவர்களிடம் கடுமையாக வேலை வாங்குவார் என்பர். தமக்கு விடுமுறை எடுத்துக்கொள்ளாதவர் பிறருக்கு எளிதில் கொடுப்பாரா?

டில்லியில் இருந்த ஆண்டுகளில் அவர் எழுதியவற்றுள் இரண்டு நம் பொருளுக்கு முக்கியமானவை. ஒன்று 1950இல் வெளியிட்ட முப்பதாண்டு நூலகத் திட்டம். மத்திய அரசாங்கத்துக்கும் மாநிலங்களுக்கும் சட்ட முன்வரைவு சேர்த்தே எழுதிக் கொடுத்தார். மற்றொன்று 1952இல் வந்த சமூகக் கல்வி இலக்கியம் பற்றிய நூல். புதிதாக எழுத்துக் கற்ற முதியவருக்கு எப்படிப்பட்ட புத்தகம் வேண்டும் என்பது அதன் பொருள். நாற்பது வயது உழவனுக்குக் குழந்தைப் பாடப் புத்தகத்தைக் கொடுத்து அவமதிக்கலாகாது. அவன் வாழ்க்கை அறிந்தவன், எழுத்துக்குத்தான் புதியவன். எனவே மொழி எளிதாக இருக்க வேண்டும், பொருள் முதிர்ந்ததாக இருக்க வேண்டும். இப்படி எழுதுவது பெரும்புலவர்க்கும் கடினம்! அப்போதைய கணக்கில், அதாவது 1951இல், இந்தியாவில் எழுத்தறிந்தவர் 18 சதவிகிதம். அதே ஆண்டு அக்டோபரில், பழைய டில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே, யுனெஸ்கோவின் துணையோடு அமைந்த டில்லிப் பொது நூலகத்தைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். புதிதாக எழுத்துக் கற்றோர்க்கு நூலகம் எவ்வாறு உதவ முடியும் என்பதைச் சோதித்துப் பார்ப்பதே அதன் நோக்கங்களுள் தலையானது. சில ஆண்டுகளில் அதன் நூல் வண்டியும் தெருத்தெருவாகப் போயிற்று. மன்னார்குடியின் மாடுகளுக்குப் பதில் இங்கே மோட்டார்.

முப்பதாண்டுத் திட்டம் திட்டமிட்டபடி நிறைவேறவில்லை. அதற்காக அவர் சோர்ந்துவிடவுமில்லை. 1955 முதல் இரண்டாண்டு ஜூரிச் நகரில் இருந்து எழுதினார். பின்பு உஜ்ஜயினியில் கற்பித்தார். தம் வாழ்நாள் சேமிப்பாகிய ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக் கழகத்தில் நூலக இயல் பேராசிரியர் பதவி ஒன்று நிறுவக் கொடுத்து, அதற்குத் தம் மனைவியார் சாரதா அவர்களின் பெயரையும் சேர்த்து வைத்தார். 1957இல் பத்மஸ்ரீ விருது. 1962இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார்.

எண்பது வயதிலும் கோலன் முறையின் ஏழாம் பதிப்புக்கான வேலை அவர் மேசை மேல் இருந்தது. 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் காலமானார். அப்பதிப்பு மாணவர்களின் உழைப்பால் 1987இல் அச்சேறியது.